கைத்தறி முண்டின் தொடுகை திரைக்குள் வருமா?

களியக்காவிளையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முண்டை, அதாவது வேட்டியை, வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். கைத்தறியா விசைத்தறியா, கஞ்சி எவ்வளவு, துவைத்தால் எப்படி இருக்கும், எல்லாம் அதிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வளைகுடாவில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்பினால் அது எடுபடவில்லை. விஆர் என்கிற மெய்நிகர் கண்ணாடி, கையுறை என்று என்னென்னவோ வந்துவிட்டதே, அந்தத் தேய்ப்பை அப்படியே அங்கே கொடுக்க முடியுமா? எங்கள் ரப்பர் விளையில் பால்வெட்டுப் பழக வரும் பையன்களுக்கும் இதே மாதிரிப் பயிற்சி கொடுக்கலாம் என்கிறான் மச்சான். நடக்கிற காரியமா?"

தம்பி, இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் பதில் ஒன்றல்ல. மச்சான் சொல்வது பெருமளவு நடக்கும். நீங்கள் கேட்பது இன்றைக்கு முழுசாக நடக்காது. பையன் கையில் கத்தி இருக்கிறது, உங்கள் வாடிக்கையாளரின் விரல் வெறும் விரல். இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. அம்மாவைப் பெற்ற ஆத்தா வீடு, கைத்தறிக்குப் பேர்போன பாலராமபுரத்தில், நெசவாளர்களின் சாலியர் தெருவில். குழித்தறிச் சத்தத்தில் வளர்ந்துவிட்டு, பிறகு ஹாப்டிக்ஸ் என்கிற தொடுகைத் தொழில்நுட்பத்துக்குள் போனவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கடையிலிருக்கும் நல்ல முண்டு ஒன்றை மேசையில் விரித்து, அதன் மேல் விரலை வைத்து அசைக்காமல் இருங்கள். மெத்தென்றிருக்கிறதா, குளிர்ச்சியா என்பது மட்டும் தெரியும். இழை தெரியாது. இப்போது விரலை மெல்ல நகர்த்துங்கள், இழை எழுந்து வரும். நிறுத்தினால் போய்விடும். நுண்ணிய பரப்புகளின் தொடுகை அசைவில் மட்டுமே பிறக்கிறது. இதை 1925-லேயே தாவீது காட்ஸ் என்கிற ஜெர்மானிய உளவியலாளர் விரிவாக எழுதிவிட்டார். கையால் தொடாமல் ஒரு குச்சியால் உரசினாலும் காகித வகைகளை ஆட்கள் பிரித்தறிகிறார்கள் என்று அவர் காட்டினார். குச்சி வழியாகப் பரப்பின் வடிவம் கைக்கு வராது. வருவது அதிர்வு மட்டும்தான்.

அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள் இதை இன்னும் தெளிவாக்கின. பரப்பின் மேடுபள்ளங்கள் சுமார் 0.2 மில்லிமீட்டரைவிடப் பெரிதாக இருந்தால், தோலில் அழுந்தும் அச்சை மெர்க்கெல் ஏற்பிகள் என்ற அழுத்த உணர்விகள் படித்துவிடும், அசைவு அவ்வளவாகத் தேவையில்லை. அதைவிட நுண்மையானால் தோலின் ஆழத்தில் இருக்கும் பசினி உறுப்புகள் அதிர்வாக எடுத்துக்கொள்ளும். அவை நொடிக்கு 250 தடவை அளவில் வரும் அதிர்வுக்கு மிகவும் கூர்மையானவை. ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைந்த ஆட்டம்கூட அவற்றுக்குப் போதும். சுவீடனில் 2013-இல் வெளியான ஆய்வில், சுமார் 10 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்கள் கொண்ட பரப்பை, சுருக்கமே இல்லாத பரப்பிலிருந்து விரலால் பிரித்தார்கள். நம் ஊர் அம்மாமார் தேய்த்துப் பார்த்து ஏமாறாமல் இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

உங்கள் துணிக்கே கணக்குப் போடுவோம். அங்குலத்துக்கு 100 இழை என்றால் இரண்டு இழைக்கு நடுவே ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர். விரல் நொடிக்கு 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் 200 இழை கடக்கும், அதாவது 200 ஹெர்ட்ஸ் அதிர்வு. 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் 400. பசினி உறுப்புகள் கூர்மையாக இருக்கும் இடமும் இதுதான். விசைத்தறித் துணியில் இடைவெளி சீராக இருப்பதால் அதிர்வு ஒரே சுருதியில் குவிந்து நிற்கும். கைத்தறியில் நூலின் பருமனும் தறியில் ஊடையை அடிக்கும் அடியின் அழுத்தமும் இழைக்கு இழை கொஞ்சம் மாறும், அதனால் அதிர்வு அந்தச் சுருதியைச் சுற்றிப் பரவியிருக்கும். வாடிக்கையாளர் விரலில் உணரும் "உயிர்" என்பதில் பெரும்பங்கு இந்தப் பரவல் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாகத் தேய்த்தாலும் மெதுவாகத் தேய்த்தாலும் அது அதே முண்டாகத்தான் தெரிகிறது. அதிர்வு இரண்டு மடங்கானாலும் துணி மாறிவிட்டதாக மூளை நினைப்பதில்லை, ஏனென்றால் கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதும் அதற்குத் தெரியும். திருப்பிப் பார்த்தால், கை வேகம் மாறியும் அதிர்வு மாறாவிட்டால் மூளை அதைப் பரப்பாகவே ஏற்காது. போனில் துணிப் படத்தைத் தொட்டதும் ஒரே மாதிரி 'விர்ர்' என்று அதிர வைக்கிறார்கள் பாருங்கள், அது துணியாகாமல் போவதற்குக் காரணம் இதுதான். அதை எத்தனை கூர்மையாக்கினாலும் ஒரு மணியடிப்பாகவே இருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் நாங்களும் முதலில் தப்பான வழியில்தான் போனோம். துணியை நுண்ணோக்கியில் படமெடுத்து, மேடுபள்ளத்தை எண்களாக்கி, பேனா போன்ற கருவியைப் பிடித்தவர் கையை மோட்டார் அந்த மேடுபள்ளப்படியே ஏற்றி இறக்கும்படி செய்தோம். ஆறு மாதம் அதில் போயிற்று. தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த என் சித்தியைக் கண்ணை மூடித் தொடச் சொன்னேன். "மக்களே, இது சீப்பு" என்றார். அவர் சொன்னது சரி. மோட்டாரின் கைக்கு எடை இருக்கிறது, அதனால் 0.25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரும் நுண்ணிய ஏற்றத்தை நொடிக்கு 400 தடவை செய்ய முடியாது. எங்கள் நிரல் மேடுகளைப் பெரிதாக்கி ஈடுகட்டியிருந்தது. துணி சீப்பானது அங்கேதான்.

வடிவத்தை அப்படியே பிரதி எடுக்கவே தேவையில்லை என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1990-இல் எம்ஐடியில் மார்கரெட் மின்ஸ்கி 'சாண்ட்பேப்பர்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒரு ஜாய்ஸ்டிக், அது மேலும் கீழும் போகவே போகாது. மேடு ஏறும்போது எதிர்த்துத் தள்ளும், இறங்கும்போது கூடவே இழுக்கும், அவ்வளவுதான். பிடித்தவர்கள் மேட்டையும் சொரசொரப்பையும் உணர்ந்தார்கள். 2001-இல் 'நேச்சர்' இதழில் ரொப்லெஸ் டெ லா தொர்ரே, ஹேவர்ட் இருவரும் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். விரல் உண்மையில் மேட்டின் மேல் ஏறுகிறது, ஆனால் பக்கவாட்டு விசை பள்ளத்துக்கு உரியது. ஆட்கள் சொன்னது பள்ளம் என்று. கையின் கணக்கில் விசைதான் முதலில் வருகிறது, வடிவம் பிறகுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வேலை வேலையாயிற்று.

சரியான வழி என்று இன்று நான் நம்புவதைச் சொல்கிறேன். பரப்பைப் படமெடுக்காதீர்கள், உரசலைப் பதிவுசெய்யுங்கள். பேனா போன்ற ஒரு கருவியில் அதிர்வை அளக்கும் முடுக்கமானியும் அழுத்தத்தை அளக்கும் உணரியும் பொருத்தி, வேகத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். மெதுவாக, வேகமாக, லேசாக, அழுத்தி, மனம்போன போக்கில் பத்து நொடி உரசினால் போதும். கேதரின் குக்கன்பெக்கர் குழு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இப்படி 100 பரப்புகளைப் பதிந்து 2014-இல் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. காகிதம், துணி, மரம், கல், தரைவிரிப்பு என்று பல வகை. முடுக்கமானி மூன்று திசையிலும் அதிர்வைத் தரும். ஆனால் வேகமான அதிர்வு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கைக்குத் தெரியாது. ஆகவே மூன்றையும் ஆற்றல் குறையாமல் ஒன்றாக்கி, ஒற்றை அதிர்வியால் கொடுத்துவிடலாம். எங்களைப் போன்ற சின்ன ஆய்வகங்களுக்கு இது பெரிய வரம், செலவு மூன்றில் ஒன்றாகிறது.

பதிந்ததை அப்படியே திருப்பிப் போடக் கூடாது. பதிந்தவர் கை போன வேகத்தில் தொடுபவர் கை போகாது. ஒரு ராகத்தை நன்றாகக் கற்றவர், கேட்ட பாட்டையே திரும்பப் பாடாமல் அந்த ராகத்தில் புதிதாக ஆலாபனை செய்வாரே, அப்படிச் செய்ய வேண்டும். கணினி, ஒவ்வொரு வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் அந்தத் துணியின் அதிர்வு எந்தக் குணத்தில் இருந்தது என்பதைச் சில எண்களாக எடுத்து வைத்துக்கொள்கிறது. தொடும் கை இந்த நொடியில் எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் இருக்கிறதோ, அதற்குப் பக்கத்திலிருக்கும் மூன்று பதிவுகளை அளவாகக் கலந்து புது அதிர்வை உண்டாக்குகிறது. கேட்க எளிது. கலப்பு சரியாக அமைந்த அன்றைக்குச் சித்தி வாய் திறக்காமல் இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

புதிதாக வருகிறவர்கள் மொத்தக் கவனத்தையும் அதிர்வில் வைத்துவிட்டு உராய்வை மறந்துவிடுகிறார்கள். வழவழப்பான பரப்புகளில் அதிர்வே அதிகம் கிடையாது. பளபளக்கத் தேய்த்த மரத்துக்கும் கண்ணாடிக்கும் கை காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி, விரல் எவ்வளவு ஒட்டி ஒட்டி விடுகிறது என்பதில் இருக்கிறது. அதேபோல, தட்டும்போது வரும் அதிர்வு. மரத்தைத் தட்டினால் ஒரு மாதிரி, பித்தளை நிலவிளக்கைத் தட்டினால் ஒரு மாதிரி. அந்த ஒரு கணத்துத் தெறிப்பு எழுந்து அடங்குவதைச் சரியாகக் கொடுத்தால், பலமில்லாத மோட்டாரை வைத்தே கல்லின் கடினத்தை நம்ப வைக்கலாம். அதிர்வு, உராய்வு, தட்டு மூன்றில் எதை விட்டாலும் ஏதோ ஒரு பரப்பு கெட்டுப்போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் கருவி இருக்கும்போது. கருவி வழியாக உலகம் ஒரே ஒரு புள்ளியில் கைக்கு வருகிறது. அந்தப் புள்ளியின் விசையையும் அதிர்வையும் கொடுத்துவிட்டால் கைக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. வெறும் விரல் அப்படியல்ல. விரல்நுனியின் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு அழுத்தம், வெவ்வேறு இழுப்பு, அதோடு வெப்பம். இதைச் செய்ய இரண்டு நல்ல வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று மின்சாரம். 1953-இல் மாலின்க்ராட் என்பவர் ஒரு பித்தளை மின் சாக்கெட்டைத் தற்செயலாகத் தொட்டபோது, விளக்கு எரிகையில் மட்டும் அது வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தார். மெல்லிய காப்புப் பூச்சுக்கு அடியில் மாறுமின்னழுத்தம் இருந்தால் விரல் அதோடு சற்று இழுக்கப்படுகிறது, உராய்வு கூடுகிறது. 2010-இல் டிஸ்னி ஆய்வகம் 'டெஸ்லாடச்' என்ற பெயரில் இதைத் தொடுதிரைக்குக் கொண்டுவந்தது. இன்னொரு வழி மீயொலி. 1995-இல் ஜப்பானில் வாதனாபேயும் ஃபுகுயியும் காட்டியது இது. கண்ணாடியைக் காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரவிட்டால் விரல் காற்றுமெத்தையில் நிற்பதுபோல் வழுக்கும், உராய்வு குறையும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2007-இல் 'டிபேட்' என்று கருவியாக்கினார்கள். நம் பக்கத்தில் சென்னை ஐஐடியின் டச் லேப் 'ஐடேட்' என்ற தொடுகைத் திரையைச் செய்திருக்கிறது. பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் நடக்கும் ஆய்வகம் அது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளை நான் அங்கேதான் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் இந்தத் திரைகளில் விரல்நுனி முழுவதுக்கும் ஒரு கணத்தில் ஒரே உராய்வுதான். அடியில் இருப்பது கண்ணாடி, அது வளையாது, மெத்தென்றிருக்காது. இடவப்பாதி மழைக்காலத்தில் நம் ஊரில் கை எப்போதும் பிசுபிசுவென்று இருக்குமே, ஈரக் கையில் மின்சார வழி மிகவும் பலம் குறைந்துபோகும். எங்கள் ஆய்வகத்தில் ஜூன், ஜூலையில் இந்தச் சோதனையையே வைப்பதில்லை.

இப்போது உங்கள் வாடிக்கையாளரின் இரண்டு விரலுக்கு வருவோம். அவர் தேய்ப்பது மட்டுமில்லை. மடக்குகிறார், இழுக்கிறார், ஒரு விரலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் தள்ளிச் சரிக்கிறார், அழுத்தி விடுகிறார். ஜப்பானில் சுவேவோ கவபாத்தா 1970-களில் துணியின் கைநயத்தை அளப்பதற்கென்றே கருவிகள் செய்தார். இழுவை, சரிவு, வளைவு, அமுக்கம், பரப்பின் உராய்வும் சொரசொரப்பும் என்று எடைக்கணக்கோடு சேர்த்து 16 அளவுகள். துணி வியாபாரத்தில் பழுத்த ஆட்கள் விரலால் சொல்லும் தீர்ப்போடு இந்த எண்களை ஒப்பிட்டுப் பொருத்தினார். மிகவும் மதிக்கத்தக்க வேலை. நம்மூர் நெசவாளரின் விரலறிவுக்கு இப்படியொரு பதிவு இல்லையே என்று எனக்குப் பெரிய குறை. பாவுக்குப் போடும் கஞ்சி, வளைவையும் சரிவையும் அப்படியே மாற்றிவிடும். முதல் துவைப்புக்குப் பிறகு இந்த இரண்டு எண்ணும் இறங்கும். தேய்த்துப் பார்ப்பவர் கேட்பதே "கஞ்சி போனபின் இது என்ன ஆகும்" என்பதைத்தான். 2004 முதல் 2007 வரை ஐரோப்பாவில் 'ஹாப்டெக்ஸ்' என்ற திட்டம், கவபாத்தா அளவுகளை எடுத்து, இரண்டு விரலில் விசை, விரல்நுனியில் நுண்ணிய ஊசிகளின் அதிர்வு என்று மெய்நிகர் துணியை உண்டாக்கப் பார்த்தது. துணி கையில் வந்தது. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு மேசையையே அடைத்துக்கொள்ளும். வீட்டில் போட்டுக்கொள்ளும் கையுறையாக அது சுருங்கவில்லை. கடையில் விற்கும் விஆர் கையுறைகள் பொருள் கையில் இருக்கிறது என்று சொல்லும். அது நூறாம் நம்பர் நூலா, அறுபதா என்று சொல்லாது. யாராவது சொல்லும் என்று விற்க வந்தால் உங்கள் முண்டையும் விசைத்தறி முண்டையும் கொடுத்து, கண்ணை மூடிப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மச்சானின் பால்வெட்டுக்கு நான் உற்சாகமாகச் சரி சொல்கிறேன். வெட்டுக்கத்தி கருவி, தொடுகை அதன் வழியாகத்தான் வருகிறது. நல்ல வெட்டுக்காரர் பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டு நிறுத்துகிறார். பால்குழாய்கள் அந்தப் படலத்தை ஒட்டித்தான் அடர்ந்திருக்கின்றன, ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடிப்போனால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி வெட்ட உதவாது. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த 1 மில்லிமீட்டரைக் கை அறிகிறது. வெளிப்பட்டை மொரமொரவென்று உதிரும், உள்ளே போகப் போக மிருதுவாகி வழுக்கும், கத்தியில் வரும் அதிர்வும் எதிர்ப்பும் அடுக்குக்கு அடுக்கு மாறும். நொடிக்கு 1,000 தடவை விசையைப் புதுப்பிக்கும் கருவிக்கை ஒன்றில் கத்திப்பிடியைப் பொருத்தி, தேர்ந்த வெட்டுக்காரர் ஒருவரின் கத்தியில் உணரி வைத்துப் பதிந்தால், இந்த மாற்றத்தைக் கொடுத்துவிட முடியும். கடினமான இடம், பட்டை சீவி விழுவது. பரப்பை உரசுவதைவிட ஒரு பொருள் கிழிவதைக் கணிப்பது பலமடங்கு சிக்கல். ஆனால் பையனுக்கு முதலில் வேண்டியது "இதோ, ஆழம் போய்விட்டது" என்ற அந்த உணர்வுதான். அது கிடைக்கும். மரம் காயப்படாமல் நூறு தடவை தப்புப் பண்ணலாம்.

உங்கள் கடைக்கு இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பின்லாந்தில் 1998-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்கள் தங்கள் உள்ளங்கைகளைத் தேய்க்கும்போது, அந்தச் சத்தத்தின் கீச்சுப் பகுதியை மட்டும் கூட்டி அவர்கள் காதுக்கே கொடுத்தார்கள். தோல் காகிதம்போல் காய்ந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. தொடுகையில் காதுக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே நல்ல மைக் ஒன்றைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் தேய்ப்பதைப் போலவே தேய்த்து, மிக அருகில் படமெடுத்து அனுப்புங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம். துணி மடங்கி விரியும் வேகமும் சரசரப்பும் கஞ்சியைச் சொல்லிவிடும். கூடவே நாலங்குலத் துண்டு இரண்டு, ஒன்று கஞ்சியோடு, ஒன்று துவைத்தது, தபாலில் போகட்டும். இதைவிட உண்மையான தொடுகைக் கருவி இப்போதைக்கு என்னிடம் இல்லை.

உங்கள் முண்டுகளைப் பதிந்து வைக்க எனக்கும் ஆசை. அடுத்த மாதம் ஒரு நாள் ஆய்வகத்துக்கு வாருங்கள். பாலராமபுரம் கைத்தறி ஒன்று, அதே நம்பர் நூலில் விசைத்தறி ஒன்று, இரண்டிலும் துவைக்காததும் துவைத்ததும் வேண்டும். மடித்துக் கொண்டுவராமல் குழாயில் சுருட்டி எடுத்து வாருங்கள், மடிப்புத் தடம் பதிவில் விழுந்துவிடும். மச்சானையும் அவருடைய கத்தியோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.